மைப்பையை எடுக்க வேண்டாம்

தேக்கா ஈரச்சந்தையில் சோத்தோங் வாங்கினால், கேட்காமலே மைப்பையைப் பிதுக்கி வாளியில் போட்டுவிடுவார் கடைக்காரர். நம் வீடுகளில் அந்தக் கறுப்பு யாருக்கும் ஆகாது. செமாக்காவ் தீவுக்காரர்களுக்கோ அதில்தான் ருசி. மையோடு சேர்த்தே சமைப்பார்கள். சோத்தோங் ஹித்தாம் என்று பெயர். அந்தத் தீவுக் குடும்பத்தில் வந்த ஃபிர்டாவுஸ் சானி 2020-இல் ‘ஓராங் லாவுத் எஸ்ஜி’யைத் தொடங்கி, இந்தச் சமையல் வழியாகவே தம் மக்களின் கதையைச் சொல்லி வருகிறார்.

ஓராங் லாவுத் என்றால் கடல் மனிதர்கள். 1819-இல் ராஃபிள்ஸ் வந்திறங்கும் முன்பே காலாங் ஆற்றிலும் செலேத்தார் அலையாத்திக் காட்டிலும் தென் தீவுகளிலும் இருந்தவர்கள். பலருக்குப் படகே வீடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும். திட்டு வெளியே தெரியும் அந்தச் சில மணி நேரத்துக்குள் கோங்கோங் நத்தை பொறுக்கித் திரும்பிவிட வேண்டும். நமக்கும் அமாவாசைக் கணக்கு தெரியும், சமையலில் வெங்காயம் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்கு.

1970களில் செமாக்காவ்காரர்கள் வீவக அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். கடலுக்குள் 7 கிலோமீட்டர் கற்கரை எழுப்பி, பக்கத்து சாக்கெங் தீவோடு சேர்த்து, 1999 ஏப்ரல் 1-இல் அங்கே நாட்டின் குப்பை நிரப்பிடத்தைத் திறந்தார்கள். சிராங்கூன் சாலையில் நாம் சாப்பிட்டு மடித்த வாழையிலையும் எரிந்து சாம்பலாகி, துவாஸில் படகேறி அங்கேதான் போகிறது.

பொறியாளர்களின் வேலையைக் குறை சொல்வதற்கில்லை. கரைக்கு நீர் கசியாத விரிப்பு போட்டார்கள். கட்டுமானத்தில் அழிந்த அலையாத்திக்கு ஈடாகச் சுமார் 400,000 கன்றுகள் நட்டார்கள். ஆனால் எந்த நீரோட்டத்தில் எந்த மீன் ஒதுங்கும் என்று அறிந்த பாட்டிகளும் தாத்தாக்களும் அப்போது ஏதோ ஒரு பத்தாவது மாடியில் இருந்தார்கள். அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறது அரசு. அடுத்து என்ன என்று பேச உட்காரும்போது அந்தக் குடும்பங்களுக்கும் நாற்காலி போட வேண்டும். பழங்கதை சொல்ல அல்ல. எந்தத் திட்டைத் தொடலாம், எதை விட்டுவைக்கலாம் என்று முடிவெடுக்க.

போன வாரம் தேக்காவில் மைப்பையை எடுக்க வேண்டாம் என்றேன். கடைக்காரரின் கத்தி நின்றது.

“என்னக்கா, மலாய்க்காரங்க வீட்டுக்கா?”