ஆமைகளுக்கு ஊழியம் செய்வோர்

பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி என்று நாம் அடுக்குவது வழக்கம். ஆமை வளர்ப்பதும் ஓர் உத்தியோகமா என்று கேட்டால் நகைப்போம். ஆயினும் பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் அப்பணிக்கே தம் வாழ்நாளை ஈந்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தென் அமெரிக்க நாடான ஈக்குவடோரின் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன இத்தீவுகள். இவற்றைப் பற்றி முதன்முதல் எழுதி அறிவித்தவர் ஓர் ஆயர் என்பதை நம்மில் பலர் அறியோம். 1535 மார்ச் 10-ஆம் நாள், பெரு நாட்டுக்குப் பயணமான பனாமா ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்காவின் கப்பல், காற்றின்றி நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு இங்கு வந்து சேர்ந்தது. குடிநீருக்குத் தவித்த அந்நாட்களில், சாமிநாதர் சபைத் துறவியான அவர், பாடுகளின் ஞாயிறன்று கரையில் திருப்பலி நிறைவேற்றி, அதன்பின் மீண்டும் நீர் தேட ஆட்களை அனுப்பினார். இருவரும் பத்துக் குதிரைகளும் மாண்டுபோயினர். மனிதனைச் சுமக்கவல்ல ஆமைகளையும், ஆளைக் கண்டு ஓடத் தெரியாத பறவைகளையும் பற்றி அவர் பேரரசருக்கு மடல் வரைந்தார்.

அவ்வுயிர்களின் அஞ்சாமையே அவற்றிற்குக் கேடாயிற்று. பின்னர் வந்த மாலுமிகள் ஆமைகளை உயிரோடு கப்பலில் அடுக்கி உணவாக்கினர். மனிதர் கொணர்ந்த ஆடுகள் புல்லையும் கள்ளியையும் அழித்தன. எலிகள் குஞ்சுகளைத் தின்றன. எஸ்பஞோலா என்னும் தீவில் எஞ்சியவை 14 ஆமைகளே: பெண் 12, ஆண் 2.

1959-இல் ஈக்குவடோர் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதே ஆண்டில் சார்லஸ் டார்வின் அறக்கட்டளை தோன்றியது. 1964-இல் சாந்தா குரூஸ் தீவில் அதன் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. ஆய்வு அறக்கட்டளையின் பொறுப்பு. காவல் பூங்காத் துறையின் பொறுப்பு. ஆமை வளர்ப்பு 1965-இல் தொடங்கியது; பின்னர் இரு கைகளும் அதில் இணைந்தன.

வேலை எளிதன்று. முட்டைகளைச் சேகரித்து அடைகாப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். வெப்பம் 28 டிகிரியளவில் இருந்தால் பெரும்பாலும் ஆண், 29.5 ஆனால் பெண். பொரித்த குஞ்சுகளை எலி தீண்டாத பருவம் வரை, நான்கைந்து ஆண்டுகள் பேணி, பின்னர் அவற்றின் தீவுக்கே சுமந்து சென்று விட வேண்டும். எஸ்பஞோலாவின் 14 ஆமைகளோடு சான் டியேகோ விலங்குக் காட்சியகத்திலிருந்து வந்த டியேகோவும் சேர்ந்தது. அவற்றின் வழிவந்தவை சுமார் 2,000 ஆகப் பெருகியபின், 2020 ஜூனில் அந்த மூத்த 15 ஆமைகளும் சொந்தத் தீவுக்குத் திரும்பின.

எல்லா உழைப்பும் கனி தந்ததில்லை. பின்டா தீவின் கடைசி ஆமையான 'தனித்த ஜார்ஜை'ப் பல பத்தாண்டுகள் பேணியவர் பூங்காக் காவலர் ஃபாவுஸ்தோ யெரேனா. 2012 ஜூன் 24, ஞாயிறன்று, அது இறந்து கிடக்கக் கண்டவரும் அவரே. வாரிசு விடாமல் அவ்வினம் முடிந்தது. ஆயினும் அவர் உழைப்பை மறவாமல், சாந்தா குரூஸிலுள்ள வளர்ப்பு நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டியுள்ளனர்.

இப்பணியில் அச்சமும் உண்டு. கடல் அட்டை பிடிக்கத் தடை விதிக்கப்பட்டதால் சினங்கொண்ட மீனவர்கள் 1995-இல் நிலையத்தை முற்றுகையிட்டு, ஆமைகளைக் கொல்வோம் என்று மிரட்டினர். அவர்களும் பிள்ளைகளுக்குச் சோறிட வேண்டியவர்களே என்பதை நாம் மறத்தலாகாது. 1998-இல் வந்த தனிச்சட்டம் கடற்காப்பகத்தை ஏற்படுத்தி, அதன் நிர்வாகத்தில் மீனவர்க்கும் இடமளித்தது. வெளியார் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தி, வேலைகளில் தீவு மக்களுக்கு முன்னுரிமையும் தந்தது. ஊதியமும் உறுதியன்று. நன்கொடையை நம்பிய அறக்கட்டளை, 2014-இல் தன் விற்பனைக் கூடம் மூடப்பட்டபோது, நிலையத்தையே மூட நேருமோ என்று கலங்கியது.

ஆமை பருவமெய்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். வாழ்வதோ நூறாண்டுக்கும் அதிகம். இன்று குஞ்சைக் கையிலேந்தும் காவலர், அது தாயாகிப் பேரக்குஞ்சுகளைக் காணுமுன் ஓய்வு பெற்றுவிடுவார். அவர் தொடங்கியதை முடிப்பவர் வேறொருவர். பெற்றோராகிய நமக்கு இது புதிதன்று. நம் பிள்ளை வேலை ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்போது, "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பது தவறன்று. "இதனால் எது வாழும்?" என்ற கேள்வியையும் அதனோடு சேர்த்துக் கேட்போமாக.