35,000 அடி உயரத்தில் ஒரு பெக்

சென்னையிலிருந்து டெல்லி போகும் விமானத்தில் மது கிடையாது. அதே டெல்லியில் இறங்கி நியூயார்க் விமானம் ஏறினால், கிளம்பிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் டிராலி வந்து பக்கத்தில் நிற்கும். குடிக்க என்ன வேண்டும் என்ற கேள்வியில் ஜூஸோடு விஸ்கியும் ஒயினும் பீரும் சேர்ந்திருக்கும். இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவதில்லை. வெளிநாட்டுப் பயணங்களில் பரிமாறுகிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க முதல் முறையாக அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ கிளம்புகிற பெரியவர்கள் இதைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தனியாகக் காசு உண்டா? எத்தனை வாங்கலாம்? ஒன்று போட்டுக்கொண்டால் நன்றாகத் தூங்கலாமாமே? கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி உடம்பு சம்பந்தப்பட்டது. அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

காசு விஷயம் எளிது. எமிரேட்ஸ், லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்களின் நீண்ட தூர விமானங்களில் எகானமி வகுப்பிலும் சாப்பாட்டோடு தரும் மதுவுக்குப் பணம் கேட்பதில்லை. டிக்கெட் விலையிலேயே அது அடங்கிவிடுகிறது. ஸ்கூட் போன்ற மலிவுக் கட்டண விமானங்களில் விலைப்பட்டியல் இருக்கும். சவூதியா, குவைத் ஏர்வேஸ், பாகிஸ்தானின் பி.ஐ.ஏ., வங்கதேசத்தின் பிமான் ஆகியவற்றில் மதுவே கிடையாது. வளைகுடாவில் வேலை பார்த்து ஊர் வந்து போகிறவர்களுக்கு இது பழகிய சங்கதி.

அடுத்தது அளவு. டிராலியில் வரும் குட்டி விஸ்கி பாட்டிலில் வழக்கமாக 50 மில்லி இருக்கும். நம் ஊர்க் கணக்கில் ஸ்மால் 30, லார்ஜ் 60 என்றால், அந்தக் குட்டி பாட்டில் ஏறக்குறைய ஒரு லார்ஜ். ஒயின் சிறிய பாட்டிலில் வந்தால் பெரும்பாலும் 187 மில்லி. இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். விஸ்கி என்றால் பயப்படுகிறவர்கள், ஒயின் திராட்சை ரசம்தானே என்று முழு பாட்டிலையும் முடித்துவிடுகிறார்கள். 40 சதவீத விஸ்கி 50 மில்லியில் இருக்கும் சுத்த ஆல்கஹால் 20 மில்லி. 13 சதவீத ஒயின் 187 மில்லியில் இருப்பது 24 மில்லிக்கும் மேல். 330 மில்லி பீர் டின்னில், 5 சதவீதம் என்று வைத்தால், 16 மில்லி சொச்சம். மூன்றில் அதிகம் ஏறுவது அந்தச் சாதுவான ஒயின் பாட்டில்தான்.

எத்தனை கேட்கலாம் என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண்ணிக்கை கிடையாது. பரிமாறுகிறவர் உங்களைப் பார்த்து எடுக்கும் முடிவுதான் எல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி உடம்பு. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை அவ்வளவு குறைய விடுவதில்லை. அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குள் வைத்திருப்பார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் 6,000 அடி அளவில். ஊட்டி சுமார் 7,300 அடி. ஆக, நீண்ட பயணம் என்பது பத்துப் பதினைந்து மணி நேரம் ஊட்டி உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது. அதோடு, உள்ளே காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் மட்டும். சென்னைப் புழுக்கத்தில் 70 சதவீதத்தில் மூச்சுவிட்டுப் பழகிய உடம்புக்கு அது பாலைவனம். உதடு வெடிக்கும், தொண்டை வறளும். மதுவோ, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்கி, வழக்கத்தைவிட அதிக நீரை வெளியேற்றிவிடும்.

மேலே அடிக்கிற ஒன்று கீழே அடிக்கிற இரண்டுக்குச் சமம் என்று சொல்வார்கள். சொல்கிற விதத்தில் அது சரியில்லை. ஒரே அளவு மது ரத்தத்தில் உண்டாக்கும் ஆல்கஹால் அளவு மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒன்றுதான். கல்லீரல் அதைக் கரைக்கும் வேகமும் மாறுவதில்லை. ஆனால் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, தூக்கம் கெட்டிருக்கிறது, விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நின்ற களைப்பு இருக்கிறது, வயிறும் பாதி காலி. இவற்றின் மேல் ஒரு பெக் விழும்போது தலைசுற்றலும் மந்தமும் கூடுதலாகத் தெரியும். ஏறியது மதுவா களைப்பா என்று குடித்தவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

தூக்கத்துக்கு வருவோம். ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள ஜெர்மன் விண்வெளி மைய ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனை ஒன்றின் முடிவுகள் 2024 ஜூனில் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியாயின. 18 முதல் 40 வயது வரையிலான ஆரோக்கியமான 48 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சாதாரண அறையில் தூங்கினார்கள். மீதிப் பேர் விமானத்துக்குள் இருக்கும் அளவுக்கு அழுத்தம் குறைத்த அறையில். ஓர் இரவு மது இல்லாமல், ஓர் இரவு இரண்டு டின் பீருக்குச் சமமான வோட்கா குடித்துவிட்டு, நள்ளிரவிலிருந்து நான்கு மணி நேரம்.

கொரோனா நாட்களில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டர் எண்ணை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 94-க்குக் கீழே இறங்கினாலே வீடு பதறியது. சாதாரண அறையில் குடிக்காமல் தூங்கியவர்களுக்கு அந்த எண் 96. அழுத்தம் குறைந்த அறையில் குடிக்காமல் தூங்கியவர்களுக்கு 88. அங்கேயே குடித்துவிட்டுத் தூங்கியபோது 85. இதயத் துடிப்பு முதல் வகையில் நிமிடத்துக்கு 64. கடைசி வகையில் 88. தூங்குகிற உடம்பில் இதயம் ஓய்வெடுக்காமல் வேகநடை போட்டிருக்கிறது. ஆழ்ந்த தூக்கமும் குறைந்தது. விமானத்தில் மது கிடைப்பதைக் கட்டுப்படுத்த விதிகளை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்த எண்கள் இளைஞர்களுடையவை. நம் வீட்டில் பயணம் கிளம்புகிறவருக்கு வயது 68, சர்க்கரை, ரத்த அழுத்தம், எப்போதோ வைத்த ஸ்டென்ட். அவரிடம் ‘ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், தூங்கிவிடலாம்’ என்று யாராவது அன்பாகச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும். ஆனால் இரண்டாம் பாதியில் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். இறங்கிய ஊரில் பகல் எது இரவு எது என்று தடுமாறும் உடம்புக்கு அது இன்னொரு சுமை. மது தந்த தூக்கத்தில் கால் மடங்கியபடி ஒரே நிலையில் கிடப்பதும் நல்லதல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. தனி ஆளுக்கு என்று பார்த்தால் அது சிறிய அபாயம்தான். ஆனாலும் எழுந்து நடப்பதுதான் மருந்து. மயங்கிக் கிடப்பவர் எழுந்து நடப்பதில்லை.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தூக்க மாத்திரையோடு மது கூடவே கூடாது; மூச்சே மந்தமாகிவிடும். வாந்தி வராமலிருக்கப் பையில் வைத்திருக்கும் அவோமினும் தூக்கம் தரும் மருந்துதான். மதுவோடு சேர்ந்தால் அந்த மயக்கம் பெருகும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஆபத்து வேறு வகை. சர்க்கரை இறங்கும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் விட்டுக் காப்பாற்றும். மது அந்த வேலையைத் தடுக்கிறது. சாப்பாட்டு நேரமும் குழம்பிக் கிடக்கும் பயணத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வியர்வை, உளறல், தள்ளாட்டம் என்று அதன் அறிகுறிகள் எல்லாம் போதையைப் போலவே இருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் ‘ஓவராகிவிட்டது, தூங்கட்டும்’ என்று போர்வையை இழுத்து மூடிவிடுவார். துணை இல்லாமல் தனியே போகிற சர்க்கரை நோயாளி குடிக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ருசியும் மாறும். லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2010-இல் செய்த சோதனையில், விமானச் சூழலில் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத் தெரிவதைக் கண்டார்கள். தரையில் அருமையாக இருக்கும் துவர்ப்பான ஒயின் மேலே கசக்கும். அதனால் நிறுவனங்கள் பழவாசம் தூக்கலான ஒயின்களைத் தேடுகின்றன. தக்காளி ஜூஸில் இருக்கும் ‘உமாமி’ என்கிற ஐந்தாவது ருசியோ எஞ்சின் இரைச்சலில் குறையாமல் நிற்கிறது. தரையில் தக்காளி ஜூஸைத் திரும்பிப் பார்க்காதவர்கள் மேலே அதைக் கேட்டு வாங்குவது இதனால்தான்.

இப்போது, தர மறுக்கும் விஷயம். ‘இனி போதும் சார், தண்ணீர் கொண்டுவருகிறேன்’ என்று பணிப்பெண் சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அவர் அங்கே இருப்பது முதலில் பரிமாறுவதற்கு அல்ல. ஆபத்து என்றால், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி, 90 நொடிக்குள் விமானத்தைக் காலி செய்ய முடிய வேண்டும் என்பதுதான் பெரிய விமானங்களுக்கான அடிப்படைத் தேர்வு. நடைபாதையில் தடுமாறி விழும் ஒருவர் போதும், பின்னால் நிற்கிற ஐம்பது பேருக்கு அந்த 90 நொடி கிடைக்காமல் போக. போதையில் இருப்பதாகத் தெரிகிறவருக்கு மேலும் மது தரக் கூடாது, அவரை ஏற்றவும் கூடாது என்பது அமெரிக்காவில் விமான நிறுவனங்களுக்குச் சட்டமே. பிரிட்டனில் விமானத்துக்குள் போதையில் இருப்பதே குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

இந்தியாவில் இதை எல்லாரும் பேச வைத்தது ஒரு சம்பவம். 2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தின் பிசினஸ் வகுப்பில், போதையில் இருந்த சகபயணி ஒருவர் தன் மேல் சிறுநீர் கழித்ததாக முதிய பெண் பயணி ஒருவர் புகார் தந்தார். செய்தி வெளியே வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. 2023 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. அந்தப் பெண்மணி இருக்கையில் அமர்ந்து பயணம் செய்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

அதே மாதம் ஏர் இந்தியா தன் பணியாளர்களுக்கான மது விதிகளைத் திருத்தியது. போக்குவரத்து விளக்கைப் போலப் பயணிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மனதுக்குள் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். யாரையும் ‘குடிகாரர்’ என்று சொல்லக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, ‘கடைசியாக ஒன்று’ என்று கெஞ்சினாலும் இளகக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், மறுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சொன்னால் புரிந்துகொள்ளும் நிலையில் ஆள் இருக்கும்போதே மறுத்துவிட வேண்டும். ஆகவே உங்களிடம் சிரித்த முகத்தோடு ‘போதும்’ என்று சொல்கிறார்கள் என்றால், நீங்கள் இன்னும் நிதானத்தில் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் சொல்கிறார்கள்.

மீறினால் என்ன ஆகும்? டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, குடித்துவிட்டுத் தகராறாகப் பேசினால் மூன்று மாதம் வரை பறக்கத் தடை. கை வைத்தால் ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் குறைந்தது இரண்டு ஆண்டு. போலீஸ் வழக்கு இதில் சேராது, அது தனி. 1963-இல் உருவான டோக்கியோ உடன்படிக்கை, தேவைப்பட்டால் பயணியைக் கட்டி வைக்கவும் வழியில் இறக்கிவிடவும் விமானத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது.

சொந்த பாட்டிலைத் திறப்பதுதான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். டியூட்டி ஃப்ரீயில் காசு கொடுத்து வாங்கியது, என் பாட்டில், என் கோக் டம்ளர், யாருக்கு என்ன என்று தோன்றும். பரிமாறுகிறவர் உங்கள் அளவை மனதில் வைத்துக்கொண்டே வருகிறார். அவருக்குத் தெரியாமல் உள்ளே போவது அந்தக் கணக்கையே அழித்துவிடுகிறது. அதனால் பணியாளர் பரிமாறாத மதுவைக் குடிக்க நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. முத்திரையிட்ட பையைப் பிரித்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு: வழியில் விமானம் மாறும்போது பாதுகாப்புச் சோதனையில் பாட்டிலையே எடுத்துக்கொள்வார்கள். துபாய் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விமானத்தில் சிரித்துக்கொண்டே ஊற்றித் தருவார்கள். இறங்கிய பிறகு பொது இடத்தில் போதையில் இருப்பது அங்கே குற்றம்.

தரையிறங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே ‘பார் மூடியாகிவிட்டது’ என்று சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு. டிராலியில் இருப்பது பெரும்பாலும் வரி கட்டாத சரக்கு. வானத்தில் விநியோகிக்கலாம், இறங்கும் நாட்டின் மண்ணில் விட முடியாது. அதனால் மிச்சமிருக்கும் பாட்டில்களை எண்ணிப் படிவத்தில் எழுதி, டிராலிகளைப் பூட்டி, முத்திரை எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். கீழே சுங்க அதிகாரி வந்தால் அந்த எண்ணும் படிவமும் ஒத்துப்போக வேண்டும். அப்போது போய் ஒரு குட்டி பாட்டில் கேட்கிறவருக்காக அந்த முத்திரையை யாரும் உடைக்க மாட்டார்கள். தண்ணீர் கேளுங்கள், தருவார்கள்.