நீரூற்றா... நிழலா?

மதியம் ஒரு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். சேலம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறவரைவிட, நிழல் எங்கே என்று தேடுகிறவர்தான் அதிகம்!

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். தலைநகர் என்றாகிவிட்டால் நாலு ரோடு சந்திப்பை 'அழகுபடுத்த' யாருக்காவது ஆசை வரத்தானே செய்யும்? அழகு என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது செயற்கை நீரூற்று.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்... எதையும் வரவு-செலவில் போட்டுப் பார்ப்பான். நீரூற்றில் மோட்டார் ஒரே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்ப மேலே தள்ளுகிறது. கரண்ட் பில் தனி. வெயிலில் ஆவியாவதை நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணி என்றால் குழாய் முனை அடைத்துக்கொள்ளும். திறப்பு விழாவன்று பன்னீர் தெளிக்கும். மோட்டார் புகைந்தால் கொசு வளர்க்கும். வருஷா வருஷம் தேய்மானம்தான்!

மரம்? நிலத்துக்கு அடுத்தபடி தேய்மானம் போட முடியாத சொத்து. முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீரும் வேலியும் கொடுத்தால் போதும். வேர் உறிஞ்சும் நீரை இலைகள் ஆவியாக வெளியே விடுகின்றன. பெரிய மரம் ஒன்று நாளைக்கு நூறு லிட்டருக்கு மேலேகூட விடும். தகரக் கொட்டகை நிழலில் வேகிறோம், வேப்ப மர நிழலில் தூங்குகிறோமே... ரகசியம் இதுதான். ஆக, மரமும் நீரூற்றுதான் சார், மோட்டார் இல்லாத நீரூற்று!

இந்த ஊருக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேற்கே கல்வராயன் மலையில் மேகம், பெரியார் என்று அருவிகள். கோமுகி ஆறு பிறப்பதும் அங்கேதான். காடு மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் அடிவாரத்து அணைக்குத் தண்ணீர்.

அப்படியானால் நீரூற்றே கூடாதா? பாண்டிச்சேரி பாரதி பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்ற பெண்ணின் பெயரில், மூன்றாம் நெப்போலியன் காலத்து மண்டபம் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குள் குடிதண்ணீர் வந்ததன் நினைவாக எழுந்தது. கொண்டாடியது பீச்சியடித்த தண்ணீரை அல்ல, தாகம் தீர்த்த தண்ணீரை!

மரத்தின் ஆயுசு பற்றிச் சந்தேகமா? சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. எந்த மோட்டாருக்கு இந்த உத்தரவாதம் உண்டு?

திங்கட்கிழமை மனுவோடு மலையிலிருந்து இறங்கி வருகிற பெரியவரை நினைத்துப் பாருங்கள். ரவுண்டானா நடுவில் கலர் லைட்டோடு ஆடும் தண்ணீரை அவர் என்ன செய்வார்? குடிக்கவும் முடியாது, டிராஃபிக்கைத் தாண்டிப் பக்கத்தில் போகவும் முடியாது. அவருக்கு வேண்டியது ஒரு புங்கமரம், உட்கார ஒரு மேடை, பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாய்.

மேடை கட்டுகிற கான்ட்ராக்டருக்கு ஒரு வேண்டுகோள்: மரத்தின் கழுத்து வரைக்கும் சிமென்ட் பூசாதீர்கள் அண்ணே! மழைத் தண்ணி இறங்கச் சுற்றிலும் கொஞ்சம் மண்ணை விட்டுவையுங்கள். விளம்பரத் தட்டிக்கு ஆணியும் வேண்டாம்.

நீரூற்றைச் சுற்றி வண்டிதான் போகும். மரத்தைச் சுற்றித்தான் மனுஷன் உட்காருவான்.