நடு ஆற்றில் நகர்ந்தது தரை!

காலுக்குக் கீழே தரை நகர்ந்தால் எப்படி இருக்கும்? அதுவும் நடு ஆற்றில்!

அமெரிக்காவில் நியூயார்க் நகர மக்களுக்கு அப்படி ஒரு சோதனை வந்தது. இங்கிலாந்தை விக்டோரியா மகாராணி ஆண்ட காலம் அது.

1888-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. குளிர்காலம் முடிகிற நேரம். அன்று மழைதான் பெய்தது. நள்ளிரவுக்குப் பிறகு மழை பனியாக மாறியது. சூறைக்காற்றும் சேர்ந்து கொண்டது.

நகரில் சுமார் 21 அங்குலம் பனி விழுந்தது. காற்று அதை வாரிச் சென்று வீட்டு வாசல்களில் குன்று போலக் குவித்தது. ரெயில்கள் நடுவழியில் நின்றன. தந்திக் கம்பிகள் அறுந்து விழுந்தன.

பனிக்கட்டிப் பாலம்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதிக்கும் புரூக்ளினுக்கும் நடுவே "கிழக்கு ஆறு" ஓடுகிறது. 1883-ல் திறந்த பெரிய பாலம் ஒன்று அதன் மேல் இருந்தது. ஆனால், புயலில் பாலத்து ரெயில் நின்று விட்டது.

13-ந்தேதி, மிதந்து வந்த பனிப்பாளங்கள் ஆற்றை அடைத்துக் கொண்டன. பார்ப்பதற்குக் கெட்டித் தரை போலவே இருந்தது!

வேலைக்குப் போக வேண்டியவர்கள் துணிந்து இறங்கினார்கள். வேடிக்கைக்காகவும் பலர் நடந்தார்கள். கரையில் ஏணி வைத்து, இறங்குவோரிடம் காசு வாங்கியவர்களும் உண்டு!

ஆறு அல்ல, கடல்!

கிழக்கு ஆறு, பெயருக்குத்தான் ஆறு. இரு முனையிலும் கடலோடு சேர்ந்த உப்புநீர்ப் பாதை அது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நீரோட்டம் திசை மாறும்.

அன்று தண்ணீர் உறைந்து போகவில்லை. பனிப்பாளங்கள் நெருக்கியடித்து நின்றன, அவ்வளவுதான். நீரோட்டம் திரும்பியது. "பாலம்" மடமடவென்று உடைந்தது!

நடந்து கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பாளத்தில் சிக்கிக் கொண்டார்கள். பாளங்கள் மிதந்து போயின. கரையில் நின்றவர்கள் பதறினார்கள். சிலர் பாளம் விட்டுப் பாளம் தாவிக் கரை சேர்ந்தார்கள். சிலரை இழுவைப் படகுகள் மீட்டன.

தரைக்கு அடியில்

இந்தப் புயலில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் சுமார் 200 பேர் நியூயார்க் நகரத்தார்.

நகரம் பாடம் கற்றது. தந்திக் கம்பிகள் தரைக்கு அடியில் போயின. 1904-ல் சுரங்க ரெயில் வந்தது.

1908-ல், அதே கிழக்கு ஆற்றுக்கு அடியில் குடைந்த பாதையில் ரெயில் ஓடியது. மேலே பனிக்கட்டி உடைந்தால் என்ன? கீழே வேலைக்குப் போகிறவர்கள் கவலையின்றிப் போகலாம்!