திரையில் விழும் பாடம்

கேரள அரசுப் பள்ளிகளின் டிஜிட்டல் வகுப்புகள் சாதித்தது அதிகம். கொரோனா காலம் அவற்றின் எல்லையையும் காட்டியது.

முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார் ஆசிரியர். திரையில் அது நீள்கிறது, சாய்கிறது, ஒடுங்குகிறது. கோணங்களின் அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் மூன்றையும் கூட்டினால் எப்போதும் 180 டிகிரிதான். கரும்பலகையில் பத்துப் படம் போட்டு விளக்க வேண்டியதை ஜியோஜிப்ரா என்ற இலவச மென்பொருள் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுகிறது. கேரளாவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இது அதிசயமல்ல, அன்றாடக் காட்சி.

இது ஒரே நாளில் வந்ததல்ல. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் யோசனைப்படி 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. கல்விக்கென்றே இந்தியா 2004 செப்டம்பரில் எஜுசாட் செயற்கைக்கோளை ஏவியது. அடுத்த ஆண்டே அதன் உதவியுடன் ‘விக்டர்ஸ்’ கல்வி சேனல் பிறந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம்.

இடையில் ஒரு சண்டையும் நடந்தது. ஆரம்பத்தில் பாடத்திட்டம் விண்டோஸை நம்பியிருந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் சரக்கை அரசே மாணவர் தலையில் கட்டுவதா என்று ஆசிரியர் சங்கத்தினர் போர்க்கொடி தூக்கினார்கள். முடிவில் லினக்ஸ் வென்றது. லைசென்ஸ் செலவு மிச்சமானது ஒரு லாபம். மலையாளத்துக்கும் பாடநூலுக்கும் ஏற்றபடி மென்பொருளை மாற்றிக்கொள்ள முடிந்தது அதைவிடப் பெரிய லாபம். பயிற்சி கொடுக்கவும் வெளியாட்கள் வரவில்லை. பள்ளி ஆசிரியர்களே சக ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வாங்கிய பெட்டிகள் அலமாரியில் தூங்காமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

2017இல் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜக்டர், ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கொண்டுவந்தது.

பிறகு பள்ளிகளே மூடப்பட்டன. 2020 ஜூன் 1ஆம் தேதி விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ அடித்தது. தமிழ், கன்னட வழியில் படிப்பவர்களுக்கும் இணையத்தில் பாடங்கள் வந்தன. முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியை ஒருவர் சொன்ன பூனைக் கதையை மாநிலமே ரசித்தது. அதே நாளில் மலப்புரம் மாவட்டத்தில் தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் மகள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். நன்றாகப் படிக்கும் பெண். வீட்டில் டி.வி. பழுது, ஸ்மார்ட்போன் கிடையாது. வகுப்பைப் பார்க்க முடியவில்லை என்ற வேதனையில் இருந்தாள் என்றார்கள் பெற்றோர்.

டி.வி.யோ இணையமோ எட்டாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று ஏற்கனவே கணக்கெடுத்திருந்தார்கள். சோதனை ஒளிபரப்பு நீட்டிக்கப்பட்டது, பாடங்கள் மறுஒளிபரப்பாயின. அங்கன்வாடிகளிலும் நூலகங்களிலும் டி.வி. வைத்துப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். ஆசிரியர்களும் இளைஞர் அமைப்புகளும் வீடு தேடிப்போய் டி.வி. கொடுத்தார்கள். குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் வழியாகத் தவணையில் லேப்டாப் கொடுக்கும் திட்டமும் பின்னர் வந்தது.

வகுப்பறைத் திரைக்கு முன்னால் கூலித் தொழிலாளியின் மகளும் டாக்டரின் மகனும் ஒன்றுதான். பாடம் வீட்டுக்குப் போனபோது வீட்டின் வறுமையும் கூடவே பாடத்துக்குள் நுழைந்துவிட்டது. கருவி வாங்குவது சுலபம். அதை எங்கே வைப்பது, யாருக்குப் பொதுவாக்குவது என்பதில்தான் சிக்கல்.

2024இல் கேரளாவின் ஏழாம் வகுப்புப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவும் இடம்பிடித்தது. அதைப் பள்ளிக் கணினியிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் வீட்டுப்பாடமாகக் கொடுக்கும் ஆசிரியர், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிடுவது நல்லது.