அசல் பதிவை அழித்துவிடாதீர்கள்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், வட்டிக்குக் கடன் கொடுத்தவரிடமிருந்து வந்த மிரட்டல் அழைப்புகளைப் பல வாரங்களாகப் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் போட்டால் அவை ஓடவில்லை. கல்லூரியில் படிக்கும் மகன் எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கினான். நடுவிலிருந்த வெற்றுப் பேச்சை வெட்டி ஒரே கோப்பாகச் சேர்த்தான். போனில் இடமில்லை என்று பழைய பதிவுகளை அழித்தும் விட்டான். எல்லாம் அம்மாவுக்கு உதவத்தான். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "அசல் எங்கம்மா?"

அந்தக் கோப்புகள் கெட்டுப்போயிருக்கவில்லை. பல ஆண்ட்ராய்டு போன்கள் அழைப்பை ஏஎம்ஆர், 3ஜிஏ, எம்4ஏ போன்ற வடிவங்களில் சேமிக்கின்றன. ஏஎம்ஆர் மனிதக் குரலுக்கென்றே உருவானது. அதன் உயர்ந்த தரத்தில்கூட ஒரு நிமிடப் பேச்சு சுமார் 100 கேபிக்குள் அடங்கிவிடும். அதை எல்லா ப்ளேயர்களும் திறப்பதில்லை, அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பெரும்பாலும் இவற்றை அப்படியே ஓட்டும். கேட்க மட்டும்தான் வேண்டுமென்றால் மாற்றவே தேவையில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரு நகல் எடுங்கள். மாற்றுவது அந்த நகலையே. விஎல்சியின் 'கன்வர்ட்' வசதியோ எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளோ போதும். எம்பி3 ஒலியை மீண்டும் ஒருமுறை சுருக்குகிறது. போன ஒலி திரும்பி வராது. வேவ் வடிவம் அப்படிச் சுருக்குவதில்லை. கோப்பு பத்து மடங்கு பெரிதானாலும் பரவாயில்லை. "இது என் குரலே இல்லை" என்று எதிராளி சாதிக்கும் நாள் வரலாம். குரல் மாதிரி தரும்படி ஒருவருக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று 2019இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று அது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 349ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குரல் ஒப்பீட்டுக்கு வெட்டாத, மறுபடி சுருக்காத அசல்தான் வேண்டும்.

இணையத்தில் 'இங்கே ஏற்றினால் மாற்றித் தருகிறோம்' என்னும் தளங்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. உங்கள் கடன், நோய், குடும்பச் சண்டை, வங்கி விவரம் எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கும். முகம் தெரியாத ஒருவரின் சர்வரில் அதைக் கொண்டுபோய் வைப்பானேன்? மாற்றும் வேலை உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக் கூடாது.

நாம் பேசும் அழைப்பை நாமே பதிவு செய்வது வேறு, இருவர் பேசுவதை மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்பது வேறு. பேசியவர்களில் ஒருவருடைய சம்மதத்தோடு பதிவான பேச்சை, 1972இல் ஆர்.எம். மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவான பேச்சும் திருமண வழக்கில் சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆனால் மனைவியின் போனிலோ மகளின் போனிலோ உளவுச் செயலி போட்டு, அவர் பிறரோடு பேசுவதைப் பிடிப்பதற்கு இந்தத் தீர்ப்புகள் உரிமம் அல்ல. சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. நீதிமன்றத்தில் காட்ட உரிமை இருக்கிறது என்பதற்காக வாட்ஸ்அப் குழுவில் பரப்பலாம் என்றும் ஆகாது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகத் தர, அதன் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தரப்பினரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். 'ஹேஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை அது. கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் வரிசை வேறாகிவிடும். எம்பி3 ஆக மாற்றினாலும் அப்படித்தான். மாற்றியது தவறில்லை, அசலோடு சேர்த்து எப்போது, எதைக் கொண்டு மாற்றினோம் என்று சொல்ல முடிந்தால். அந்த அக்கா தவித்தது இந்த இடத்தில்தான்.

ஆகவே மிரட்டல் அழைப்பு வந்த அன்றே தேதி, நேரம், எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். பதிவைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுங்கள், போனிலிருப்பதைத் தொடாதீர்கள். வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆடியோவாக அல்லாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். வழக்கு முடியும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். இணையவழிப் பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இன்னொன்று. சில போன்களில், குறிப்பிட்ட நாட்கள் கழிந்ததும் பதிவுகளைத் தானாகவே அழிக்கும் அமைப்பு இருக்கிறது. உங்கள் போனில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.