முதல் தடவை மட்டும் ஏன் திக்குகிறது?

மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒரு செய்திப் பட்டியலை விரலால் மேலே தள்ளுகிறீர்கள். எழுத்துகள் விரலோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். வருகின்றன, நடுவில் ஒரு கணம் நிற்கின்றன, பிறகு குதிக்கின்றன. அதே பக்கத்தை இன்னொரு முறை தள்ளினால் எண்ணெய் போட்டதுபோல் நகர்கிறது. டேப்லெட் பழசாகிவிட்டது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பழசானால் இரண்டாவது முறையும் திக்கியிருக்க வேண்டுமே!

பல திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு படத்தை, அதாவது ஒரு பிரேமை, வரைந்து முடிக்கச் செயலிக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. பதினேழு மில்லிநொடி ஆனால் போயிற்று. பேருந்து கிளம்பிய பிறகு நிறுத்தத்துக்கு வந்தவருக்கு அடுத்த பேருந்துதான். அதுவரை திரை பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். 2017இல் ஐபேட் ப்ரோ நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையுடன் வந்தபோது, அந்த அவகாசமும் 8.3 மில்லிநொடியாகச் சுருங்கியது.

ஆகவே சராசரி வேகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 60 பிரேம்களில் 59ஐ ஐந்தைந்து மில்லிநொடியில் முடித்து, ஒன்றுக்கு மட்டும் 100 எடுத்துக்கொண்டால் சராசரி 6.6தான் வரும். காகிதத்தில் அருமை. கண்ணோ அந்த ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்துவிடும். தாளம் தப்பிய ஒரே ஒரு அடி கச்சேரி முழுவதையும் உறுத்துவதுபோல.

டேப்லெட்டில் சுமையும் கூடுதல். 2010இல் வந்த முதல் ஐபேடின் திரையில் 1024 × 768, ஏறத்தாழ 7.9 லட்சம் புள்ளிகள். இரண்டே ஆண்டுகளில் வந்த ரெட்டினா ஐபேடில் அது நான்கு மடங்காகி 31 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை புள்ளிகளையும் நேரம் தவறாமல் நிரப்ப வேண்டும்.

இதற்கு மேல், ஆண்ட்ராய்டுக்கும் ஐபேடுக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே நிரலை இரண்டிலும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை. நியாயமான ஆசைதான், சிறிய குழுக்களுக்கு வேறு வழியும் இல்லை. ஃபேஸ்புக்கே அந்த வழியில் போய்ச் சூடு கண்டது. வலைப்பக்கத் தொழில்நுட்பத்தில் செய்த தன் ஐபோன், ஐபேட் செயலியை 2012இல் அது முழுவதும் மாற்றி எழுதியது. அந்தத் தொழில்நுட்பமான ஹெச்டிஎம்எல்5ஐ அளவுக்கு மீறி நம்பியது பெரிய தவறு என்று மார்க் ஜுக்கர்பெர்க் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அந்த ஆசை அடங்கவில்லை. 2015இல் அதே நிறுவனம், ஒரே நிரலை இரண்டிலும் ஓட்ட உதவும் ரியாக்ட் நேட்டிவை வெளியிட்டது.

அதில் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு பக்கம், கருவியின் சொந்த மொழி இன்னொரு பக்கம். நடுவே ஒரு பாலம். ஒவ்வொரு சேதியையும் எழுத்தாக்கி, பாலத்தைக் கடத்தி, அந்தப் பக்கம் மறுபடி பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. விரல் வேகமாக ஓடினால் பாலத்தில் நெரிசல். பட்டியலில் வெள்ளை வெற்றிடம். இரு பக்கமும் நேராகப் பேசிக்கொள்ளும் புதிய கட்டமைப்பு 2024 அக்டோபரில்தான் அதன் இயல்பான முறையானது.

கூகுளின் ஃபிளட்டர் பாலத்தையே தவிர்த்தது. பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்கிறது. நாம் தொடக்கத்தில் பார்த்த திக்கல் இங்கேதான் பெயர் வாங்கியது. நிழல், மங்கல், வளைந்த ஓரம் போன்றவற்றைத் திரையில் கொண்டுவர கிராபிக்ஸ் சிப்புக்குச் சின்னச்சின்ன நிரல்கள் தேவை, ஷேடர் என்பார்கள். ஒரு காட்சி முதன்முதலாகத் தேவைப்படும் அந்த நிமிடத்தில்தான் அதற்கான ஷேடர் சிப்பின் மொழிக்கு மாற்றப்பட்டது. அதற்குச் சில சமயம் நூறு மில்லிநொடிக்கு மேல்கூடப் பிடிக்கும். பல பிரேம்கள் அங்கேயே போய்விடும். ஒருமுறை மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொள்வதால் இரண்டாவது முறை சிக்கல் இல்லை.

இதன் கொடுமை என்னவென்றால், செயலியை எழுதுபவர் அதே திரையை நாளெல்லாம் திறந்து மூடுகிறார். அவர் கண்ணில் அது படுவதே இல்லை. புதிதாக நிறுவிய வாடிக்கையாளர் பார்ப்பது முதல் தடவையை மட்டும். குறை சொல்பவர் சொல்லிக்கொண்டே இருப்பார். “என்னிடம் நன்றாகத்தானே ஓடுகிறது” என்று இவர் மனதார நம்புவார். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

விருந்தாளி வந்த பிறகு உலை வைக்காமல் முன்கூட்டியே சமைத்து வைப்பதுதான் தீர்வு. ஃபிளட்டரின் இம்பெல்லர் என்ற புதிய எஞ்சின், தேவையான ஷேடர்களை எஞ்சினைக் கட்டும்போதே தயார் செய்துவிடுகிறது. 2023 மே மாதம் ஐஓஎஸ்ஸில் அது இயல்பாக வந்தது.

எஞ்சின் மாறினாலும் எழுதுபவரின் கைவேலை மிச்சமிருக்கிறது. ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில் யாரும் ஆயிரம் இலையையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் போடுகிறோம். நீண்ட பட்டியலையும் அப்படித்தான், திரையில் தெரிகிற வரிசைகளை மட்டும் உருவாக்க வேண்டும். படங்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 4000 × 3000 அளவுள்ள ஒரு புகைப்படம் கோப்பாகச் சிறிதாக இருக்கலாம். திரைக்காக விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் நினைவகத்தைப் பிடிக்கும். 200 × 200 கட்டத்தில் காட்டுவதற்கு அந்த அளவுக்கே சுருக்கி விரித்தால் 160 கிலோபைட் போதும். டேப்லெட் திரையில் இப்படி இருபது முப்பது கட்டங்கள் ஒரே சமயத்தில் தெரியும் என்பதை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் விளங்கும்.

செயலி எழுதுகிற இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். சோதனைக்கு மேசையில் இருக்கும் விலையுயர்ந்த கருவியை எடுக்காதீர்கள். கிடைப்பதிலேயே மலிவான டேப்லெட்டை எடுங்கள். பிழை தேடுவதற்கான பதிப்பு இயல்பிலேயே மெதுவாக ஓடும். அதை விட்டுவிட்டு, வெளியிடப்போகும் பதிப்புக்கு நிகரானதை ஓட்டி அளவெடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் செயலியை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்.